புவனா அக்கா திரும்பிய இடம்

பள்ளி வேன் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தபோது, புவனா அக்கா வீட்டு வாசலில் ஆட்கள் நீலக் கூடாரத்துக்கான இரும்புக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் யாருக்கோ நிச்சயதார்த்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா மருத்துவமனையில் தேறி வருகிறார் என்று அன்று காலைதான் அம்மா சொல்லியிருந்தார். வேன் ஓட்டும் அண்ணன் வானொலியை நிறுத்தினார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பாத்து இறங்குமா. புவனா போயிட்டா" என்றார். நான் இறங்கினேன். கால் தரையில் பட்டதாக நினைவில்லை. குழாய்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாளை மறுநாள் பதினாறாம் நாள் படையல். கரங்கான் தோட்டத்து ஆட்களும், கூலிம் தொழிற்சாலையில் அக்காவோடு வேலை செய்தவர்களும் வருவீர்கள். ஓடி ஓடியே உடம்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று பேசிக்கொள்வீர்கள். துக்க வீட்டிலேயே அதைத்தான் கேட்டேன். எழுந்து நின்று மறுத்துப் பேச எனக்குப் பயம். அதனால் கணிதப் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா தூங்குகிறார். நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதற்கு முன் அக்காவை நான் பார்த்த மாதிரி நீங்களும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அக்கா நான்கு வீடு தள்ளி இருந்தாலும், நாங்கள் முதன்முதலில் பேசியது பெரிய மருத்துவமனையின் கிளினிக் வரிசையில்தான். எனக்கு லூபஸ் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் என்று மருத்துவர் விளக்கியபோது, என் வீட்டுக்குள் இருக்கும் யாரோ என்னை வெறுப்பதுபோல் இருந்தது. அக்காவுக்கு ஏழு ஆண்டுகளாக அதே நோய். எங்கள் இருவர் கன்னத்திலும் மூக்கைத் தாண்டி ஒரே மாதிரிச் சிவப்பு. பட்டாம்பூச்சி மாதிரி இருக்கிறது, பயப்படாதே என்று தாதி என்னைத் தேற்றினார். அவர் நகர்ந்ததும் அக்கா என் பக்கம் சாய்ந்து, "பட்டாம்பூச்சின்னா வெயில்ல பறக்கும்லா. நம்மளுக்கு வெயிலே ஆகாது. இது வௌவால்" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

மாத்திரையால் என் முகம் உப்பியது. வகுப்பில் என்னை 'பாவ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடையில் ஆவி பறக்க விற்பார்களே, உள்ளே கச்சான் பயறோ காயா இனிப்போ வைத்த அந்த வெள்ளை உருண்டை. மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்று அக்காவிடம் அழுதேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன வச்சிருக்கு, கச்சானா காயாவா?" என்று கேட்டார். மறுநாள் யாரோ 'பாவ்' என்றபோது நானும் அதையே திருப்பிக் கேட்டேன். பெயர் போகவில்லை. ஆனால் நான் மாத்திரையை நிறுத்தவும் இல்லை.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தான் ஓட வேண்டும் என்ற ஆசை எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. மெதுவாக ஓடலாம், வெயில் படக் கூடாது, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்று மருத்துவர் மூன்று கட்டளைகள் போட்டிருந்தார். அதனால் விடிவதற்கு முன் ஓடுவார். தோட்டத்துச் செம்மண் சாலையில் அவர் ஓட, நான் சைக்கிளில் தண்ணீரோடு பின்னால் போவேன். கொஞ்சம் உடற்பயிற்சி நல்லதுதான் என்று அம்மாவும் விட்டார். ரப்பர் மரங்களுக்கிடையில் பனி முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அக்காவின் நெற்றி விளக்கு முன்னால் மிதந்துகொண்டே போகும். அந்த வேளையில் எனக்கு நோய் இருப்பதே மறந்துவிடும். நான் இன்னும் தூங்குகிறேன், இது ஒரு கனவு, இதில் எதுவும் வலிக்காது என்று தோன்றும்.

நம் ஆட்கள் முனியாண்டிக்குப் பொங்கல் வைத்த கதையை இன்று எத்தனை பேர் வெளியில் ஒப்புக்கொள்வீர்கள் என்று தெரியவில்லை. அக்கா வெயிலுக்கு வாங்கிய வெள்ளை முழுக்கைச் சட்டையைத்தான் இருட்டிலும் போடுவார். தலையையும் மூடியிருப்பார். கால்சட்டையும் காலணியும் கறுப்பு. ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போனவர்கள், காலில்லாத வெள்ளை உருவம் ஒன்று தினமும் போவதைப் பார்த்துவிட்டு, காவல் கேட்டுக் கோயிலில் எலுமிச்சை கட்டினார்கள். வெள்ளிக்கிழமை பொங்கலும் வைத்தார்கள். அக்காவும் நானும் போய் நன்றாகச் சாப்பிட்டோம். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, மரம் வெட்டும் மாரி மாமா குரலைத் தாழ்த்தி, ஒரு பெண் பேய் தினமும் அலைகிறது, அதன் பின்னால் உருண்டையாக ஒரு குட்டிப் பேயும் உருண்டு வருகிறது என்றார்.

அக்கா இலையிலிருந்து கையை எடுக்காமலே, "மாமா, அது நான்தான். ஓடுறேன்" என்றார்.

மாரி மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரு துரத்துறா?"

"யாரும் துரத்தல மாமா. அதான் ஓட நல்லாருக்கு."

அன்றிலிருந்து நாங்கள் கடக்கும்போது மரம் வெட்டுபவர்கள் தலையைத் திருப்புவார்கள். அவர்கள் நெற்றி விளக்குகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பும். பனிக்குள் மரங்களுக்கு நடுவே எட்டு, பத்து வெளிச்சங்கள். வானத்துக்குள் சைக்கிள் விடுவதுபோல் இருக்கும்.

தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளை இடித்த பிறகு அங்கே மிஞ்சியது தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். அக்கா தினமும் அங்கே நிற்பார். இரண்டு கைகளின் விரல்களையும் பத்து முறை மூடித் திறப்பார். விரல்கள் முழுதாக மூடினால் தொட்டியைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடுவார். மூடாவிட்டால், வீக்கம் வந்துவிட்டது என்று பொருள். அங்கேயே திரும்பிவிடுவார். ஒருநாள் அவர் மிக நன்றாக ஓடிக்கொண்டிருந்தார். தொட்டியில் நின்று பார்த்தபோது மோதிர விரல் மட்டும் மடங்கவில்லை. ஒரு விரல்தானே அக்கா, போகலாம் என்றேன். அவர் அதற்குள் திரும்பியிருந்தார். "போறதுக்கு ஆசை போதும். திரும்பி வர்றதுக்குத்தான் கால் வேணும்." பிறகு வீடு வரைக்கும் நடந்தே வந்தோம். அன்று பனி விலகி ஜெராய் மலை முழுதாகத் தெரிந்தது.

பினாங்கில் அவர் ஓடிய அன்று, முடிவுக் கோட்டருகே நான் பெரிய கறுப்புக் குடையோடு நின்றேன். வெளிச்சம் வந்தது. பிறகு வெயில் வந்தது. பதக்கம் மாட்டியவர்கள் கடந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் அக்கா, ஓட முடியாதவர்களை ஏற்றிவரும் வேனிலிருந்து இறங்கினார். முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் சூரியன் மேலே வந்துவிட்டதாம், மேம்பாலத்து நிழலில் உட்கார்ந்துகொண்டாராம். அழுவார் என்று நினைத்தேன். "முந்திக்கிச்சு" என்று வானத்தைக் காட்டினார். என் குடைக்குள் வந்து நின்று ரொட்டி கேட்டார். இன்னும் எட்டு கிலோமீட்டர் அங்கேயே கிடக்கும், யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். பிறகு தாமானில் சிலர், ஓடப் போனவள் வேனில் வந்தாளாம் என்று கிண்டல் செய்தீர்கள். அக்கா சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குள் போனதும் பந்தய எண் அட்டையை நாலாக மடித்து அலமாரிக்கு அடியில் செருகினார். அதை நான் மட்டும் பார்த்தேன்.

இனிதான் நான் சொல்ல வேண்டியது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அக்கா வாசற்படியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். கட்டிய பிறகு எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கொடுக்கும்போது கை பட்டது. கொதித்தது. காய்ச்சல், அன்றைக்கே போக வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கிளினிக் நாள் இருக்கிறது, அன்று பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணி, யார்கிட்டயும் சொல்லாதே. சொன்னா எல்லாரும் ஓட்டத்தைத்தான் சொல்லுவாங்க. எங்கண்ணன் ஓடுற சப்பாத்தைத் தூக்கிப் போட்டுரும்."

நான் சொல்லவில்லை. செவ்வாய் சொல்லவில்லை. புதனும் சொல்லவில்லை. அக்காவின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வியாழன் காலை மூச்சு வாங்குவதைப் பார்த்த அவர் அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போனார். நுரையீரலில் கிருமி இறங்கிவிட்டது, நாட்கள் போய்விட்டன என்று மருத்துவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம்தான் இருந்தார்.

ஓட்டம் அவரைக் கொல்லவில்லை. ஓடும்போது ஒரு விரல் மடங்காவிட்டாலும் திரும்பிய அக்கா, காய்ச்சலில் படுத்திருந்தபோது திரும்பவில்லை, மருத்துவமனைக்குப் போகவில்லை. நாம் என்ன சொல்வோம் என்று பயந்தார். உங்கள்மேல் பழி போட இதை எழுதவில்லை. மூன்று நாள் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்தான்.

அக்கா முன்பே இரண்டு காய்ச்சல்மானி வாங்கியிருந்தார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. என்னுடையது இப்போது மேசையில் இருக்கிறது. நேற்று முப்பத்தெட்டு டிகிரி காட்டியது, காய்ச்சல்தான். இன்று முப்பத்தெட்டரையைத் தாண்டிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மருத்துவமனைக்குத்தான் கொண்டு போவார்கள். அக்கா படுத்திருந்த கட்டில் காலியாக இருக்கும், அதிலேயே என்னைப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே இரண்டு நாளாகப் போர்வைக்குள் கிடக்கிறேன். கண்ணை மூடினால் பனியும், வரிசையாக அந்த விளக்குகளும் தெரிகின்றன. முன்னால் வெள்ளையாக ஒன்று மிதந்து போகிறது. பின்னாலேயே போனால் வலிக்காது என்று தோன்றுகிறது.

ஆனால் தொட்டி வந்ததும் அந்த வெள்ளை நிற்கிறது. என்னையும் நிற்கச் சொல்கிறது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை மூடிப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

அக்காவின் சப்பாத்து எனக்குப் பெரிது. அதை அவர் அண்ணன் வைத்துக்கொள்ளட்டும். வௌவால் என்ற பெயர் என் கன்னத்திலேயே இருக்கிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தத் தொட்டியை மட்டும்தான். அங்கே நிற்பது, கையைப் பார்ப்பது, யார் என்ன சொன்னாலும் திரும்புவது.

இன்னும் எழுதலாம். போதும். அம்மாவை எழுப்பப் போகிறேன்.