வாய் திறக்காத சவுண்டு கார்டுகள்

தொண்ணூறுகளின் கடைசியில், காசு கொடுக்காமலே கிடைக்கிறதே என்று லினக்ஸ் இயங்குதளத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எல்லாம் ஓடியது; சத்தம் மட்டும் வரவில்லை. உள்ளே இருந்த சவுண்டு கார்டுதான் ஒத்துவரவில்லை என்று முடிவுகட்டி, நான் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி, வேறொன்று வாங்கக் கிள்ளானுக்குப் போனேன்.

அங்கே எனக்குத் தெரிந்த கடைக்காரர், எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்.

"இது எல்லாத்துலயும் பாடும்லா, பாஸ்!"

வாங்கிவந்து மாட்டினேன். பாடவில்லை. இருமக்கூட இல்லை. அடுத்த சனிக்கிழமை அதை அவர் மேசையில் போட்டுக் கத்தினேன். மனுஷன் முகம் சுளிக்காமல் வேறொன்றை மாற்றிக் கொடுத்தார். அதுவும் ஊமை. கோபம் தலைக்கேறி, லினக்ஸ்காரர்கள் கூடும் மின்னஞ்சல் குழுவில் இரண்டு கார்டுகளையும் பெயர் சொல்லித் திட்டித் தீர்த்தேன்.

அவரிடமே மாற்றி வாங்கிய மூன்றாவது கார்டும் வாய் திறக்காதபோதுதான், வேறு வழியில்லாமல், கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளோடு வந்த குறிப்பைப் படித்தேன். நான் போட்டிருந்த டிரைவர் எந்தக் கார்டாக இருந்தாலும் முதலில் சத்தத்தை அடைத்தே வைக்குமாம். நாம்தான் திறந்துவிட வேண்டுமாம். திறந்தேன். வீடே அதிர்ந்தது.

உண்மையைக் குழுவில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். காஜாங்கிலிருந்து ஒருவர் முந்திக்கொண்டு எனக்கு எழுதியிருந்தார்: "ரொம்ப நன்றி அண்ணே. கடையில அந்த ரெண்டு கார்டத்தான் நீட்டுனாங்க. உங்க பேச்சக் கேட்டு வாங்காம வந்துட்டேன்."

"பரவால்ல தம்பி" என்று பதில் போட்டேன்.