தொப்பிக்குள் போடாத சீட்டு

எனக்குச் சந்தேகப் புத்தி. பால்காரன் ஊற்றுகிற பாலைக்கூட விரல் விட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்டவனைப் போய்க் கண்டியில் மருந்துக் கமிட்டிக்குக் கிளாக்கராகப் போட்டார்கள்.

முப்பதுகளில் மலேரியா ஊரூராகப் பரவிய நேரம். அதற்கான கொயினா மருந்து கொஞ்சம்தான் வந்திருந்தது. தெல்தெனியப் பக்கம் நான்கு ஊர்களுக்கு மட்டும் மருந்து வண்டி அனுப்பலாம், எந்த நான்கு என்று கமிட்டி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் என் அக்கா இருந்தார். அவருடைய சின்ன மகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் காய்ச்சலும். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து தீர்ந்துவிட்டது.

கமிட்டித் தலைவர் பரம்பரை நிலக்காரர். வண்டியைத் தன் ஊருக்கு இழுத்துக்கொள்வார் என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன். அந்த மனிதரோ எழுந்து, சீட்டுப் போட்டு எடுப்போம், யாரும் குறை சொல்ல முடியாது என்றார். இவ்வளவு நல்லவரா இவர் என்று எனக்குச் சந்தேகம் கூடியது.

ஊர்த் தலைமைக்காரர்களான ஆராச்சிமார் கொடுத்த ஊர்ப் பட்டியலைப் பார்த்து நானே சீட்டு எழுதினேன். ஒரே அளவு, ஒரே மடிப்பு. தலைவர் தன் தொப்பியைத் தந்தார். அதன் உள்துணியைக்கூடத் தடவிப் பார்த்தேன், மானங்கெட்டவன். சீட்டு எடுத்த கையை விட்டு என் கண் நகரவில்லை. நான்கு சீட்டிலும் அவர் ஊர் வரவில்லை. மீதியைப் பிரித்துப் பார்த்தேன், அவர் ஊர் அதில் ஒழுங்காகக் கிடந்தது. கள்ளம் ஒன்றும் அகப்படாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனேன். சின்னவள் இரண்டு சாக்குக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நேர்மையாத்தான் நடந்துச்சு அக்கா. நம்ம அதிர்ஷ்டம் அவ்வளவுதான்."

"எங்க தோட்டத்துப் பேரு சீட்டுல இருந்துச்சா தம்பி?"

பட்டியலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆராச்சியின் அதிகாரம் ஊருக்குள் மட்டும்தான், தோட்டத்து எல்லையோடு நின்றுவிடும். அவர் பட்டியலில் தோட்டம் ஒன்றும் இருக்காது. அதைத்தான் நான் எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதியிருந்தேன்.

"யாரு எழுதினது?" என்றார் அக்கா.

"நான்தான்."

"அப்ப நாளைக்குப் போயி எழுது."

திங்கட்கிழமை தலைவரின் மேசைக்கு முன் நின்று, தோட்டங்களின் பெயர் விடுபட்டுப் போனது, மறுபடி சீட்டு எடுக்க வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அங்கே உமக்குச் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்றார்.

"அக்கா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொப்பியைத் தடவியபோது அவரை நான் பார்த்த அதே பார்வை. ஃபைலை மூடி, போகலாம் என்று தலையசைத்தார்.

நான்கு ஊர்களுக்கும் வண்டி கிழமை தவறாமல் போனது. சின்னவளைத் தோட்டத்து மேட்டில் அடக்கம் செய்தோம்.