என் கணவரின் ரேசிங் சைக்கிள்

சர்க்கரை நோயால் என் கணவரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கட்டிலில் இருந்தபடியே வீட்டை ஆண்டார். சோறு குழைந்திருந்தால் தட்டு பறக்கும். நான் வேலை முடிந்து தாமதமாக வந்தால் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வரும். பார்க்க வருகிறவர்கள், "முடியாத மனுசன், பொறுத்துப் போம்மா" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் நான் பில் போடுகிறேன். வீடு மீமிசல் பக்கம். படகுகள் கரைக்கு வரும் நாட்களில் விடியும்போதே அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. மீன் ஏற்றப் போகும் லோடு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் ஓட்டுகிறவன் கியர் போடுகிற சாக்கில் என் தொடையில் கை வைத்தான். அத்தோடு ஆட்டோவை விட்டேன். நடந்தேன். நடந்து கட்டுப்படியாகாமல்தான் சைக்கிள் ஞாபகம் வந்தது.

கல்யாணத்துக்கு முன்பு திருவிழாப் பந்தயங்களில் அவர் ஓட்டிய ரேசிங் சைக்கிள் அது. கிடாக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், மெலிந்த டயர், பின்சக்கரத்தில் கியர். மீன் லாரி ஓட்டப் போன பிறகு அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொல்லைப்புறச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டு கடல்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. நான் அதை இறக்கும் சத்தம் கேட்டு உள்ளிருந்து கத்தினார்.

"யாரைக் கேட்டுடி தொட்ட?"

"வேலைக்குப் போகணுங்க."

"என் சைக்கிள்ல ஏறி எவனுக்குக் காட்டப் போற? ரெண்டு காலு இருக்கிற திமிரு!"

மண்ணெண்ணெய் ஊற்றி செயினை ஊற வைத்தேன். பழைய பிரஷ்ஷால் பல் சக்கரத்தைத் தேய்த்தேன். துருவுக்கு அடியில் சிவப்புப் பெயிண்ட் இன்னும் இருந்தது. டயர் தொட்டதும் பொடிந்துவிட்டது. மீமிசல் மெயின் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் பார்த்துவிட்டு, "இந்த சைஸ் இங்கிட்டுக் கெடைக்காதுக்கா, திருச்சில சொல்லி வரவழைக்கணும்" என்றார். வரவழைத்தார். ரிம்மில் இருந்த கோட்டத்தை எடுத்து, பிரேக் ஒயர் மாற்றி, ஹேண்டில்பாரை இறுக்கி, சீட்டை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்.

சுடிதார் போட்டுக்கொண்டு குனிந்து ஓட்டிப் போனபோது பஸ் ஸ்டாப்பில் சிரித்தார்கள். கொஞ்ச தூரம் வரைக்கும் எனக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் எதுவும் விழவில்லை. அந்தச் சைக்கிள் அப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. மிதித்தால் முன்னால் பாய்ந்தது. அன்று சாயங்காலம் சிரித்தபடியே வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சில நாள் கழித்து என்னிடம் தணிந்த குரலில் பேசினார்.

"சைக்கிளை இங்கிட்டு உருட்டிட்டு வா. ஹேண்டில்பாரு லேசா ஆடுது. நேத்து நீ வரும்போதே பாத்தேன். ஸ்பேனரைக் குடு."

கட்டிலில் சாய்த்து வைத்தேன். மடியில் ஹேண்டில்பாரை வைத்துக்கொண்டு ஏதோ திருகினார். அவர் கை ஒரு வேலை செய்து பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. எனக்குக் கண் கலங்கியது. டீ போட்டுக் கொடுத்தேன். "நல்லாருக்கு" என்று குடித்தார்.

மறுநாள் ஐஸ் கம்பெனிக்குத் திரும்பும் வளைவில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. ஹேண்டில்பாரைத் திருப்பினேன். அது திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. ஜல்லியில் முகம் குப்புற விழுந்தேன். முன்பல் ஒன்று போனது, காறை எலும்பு முறிந்தது. மீன் கூடையோடு வந்த பெண்கள்தான் தூக்கி உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

சைக்கிளைக் கடைக்கு எடுத்துப் போன கொழுந்தன் இருண்ட முகத்தோடு வந்தார். "மதினி, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற நடு போல்ட்டு தானாக் கழலாதாம். யாரோ லூசாக்கி விட்டிருக்காங்கன்னு கடைக்காரரு சொல்றாரு."

கையில் கட்டோடு கட்டிலருகே போய் நின்றேன்.

"நீங்களா?"

"ஆமா."

"நான் செத்துப் போயிருந்தா?"

"சாக மாட்ட. நானே சாகல." தலையணையைச் சரிசெய்துகொண்டார். "படுத்துக் கெடந்தா எப்டி இருக்கும்னு ஒனக்கும் தெரியணும்ல?"

என் எலும்பு கூடும்வரை கொழுந்தன் வீட்டுச் சோறுதான் இரண்டு பேருக்கும். ஒரே அறையில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். அம்மா வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி என் தம்பி கூப்பிட்டான். போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு அந்தந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். கை சரியானதும் மறுபடி சைக்கிளை எடுத்தேன். கிளம்புவதற்கு முன் அவர் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்ப்பேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஒரு தடவை அதுல ஒக்கார வைங்க" என்று வந்திருந்த கொழுந்தனிடமும் என்னிடமும் கேட்டார். கொழுந்தன் என்னைப் பார்த்தார். சரி என்றேன். வாசலில் கொழுந்தன் அவரைத் தூக்கி உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார், நான் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். வலது கால் பெடலைத் தேடி வைத்துக்கொண்டது. இடப்பக்கம் லுங்கி காற்றில் ஆடியது. அவர் முகத்தில் என்னவோ இளகியது. அந்த நேரம் பார்த்து யாரோ கேட்டில் கூப்பிட, கொழுந்தன் பிடியை விட்டு நகர்ந்தார்.

சைக்கிள் முழுதாக என் கையில் இருந்தது. லேசாகச் சாய்த்தேன். அவர் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பற்றினார்.

"விட்றவா?" என்று கேட்டேன்.

அவர் பிடி இறுகியது. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. கொழுந்தன் திரும்பி வரும்வரை அப்படியே பிடித்திருந்தேன், நிமிர்த்தவும் இல்லை, விடவும் இல்லை.

"போதும், எறக்கி விடுடா" என்று தன் தம்பியிடம் சொன்னார். கட்டிலில் படுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் துணி ஊற வைத்திருந்தேன், துவைக்கப் போனேன்.