கண்டக்டருக்குக் கடைசி டோக்கன்

நரம்பு டாக்டர் கிட்ட டோக்கன் குடுக்குற வேலை இன்னான்னா, அவரு இங்கிலீஷ்ல சொல்றத வெளிய வந்து தமிழ்ல சொல்லிட்டு, திட்ட மட்டும் நாம வாங்கிக்கிறது. எண்பதுகள்ல தாம்பரத்துல அத தான் செஞ்சிகினு இருந்தேன். படிப்பு அஞ்சாங்கிளாஸ், அதுவும் பெயிலு. பெஞ்சுல டோக்கனோட தவம் கெடந்தவங்களுக்கு என் பேஜாரு புரியும். என்னிய திட்டுனவங்களும் உங்கள்ல கீறீங்க.

மொத டோக்கன்

தணிகாசலம் நம்ம தோஸ்து. காஞ்சிபுரம் போற பிரைவேட் பஸ்ல கண்டக்டரு. காலைல சிங்கம் மாரி கத்துவான். சாயங்காலம் ஆனா பேச்சு கொழகொழங்கும், கண்ணு இமை தொங்கிரும். சரக்கு போடுறான்னு பஸ் முதலாளி முடிவு பண்ணிட்டாரு. வாய ஊத சொன்னாரு, வாசனையே வரல. "கிராம்பு மென்னுகினு வந்துகீறான்"னுட்டாரு. சனிக்கிழமைக்குள்ள டாக்டர் லெட்டர் வரலன்னா டிக்கெட் பைய வச்சிட்டு போவணும்.

எத்தினி தபா அவன் பஸ்ல ஓசில போயிகீறேன்! அந்த நன்றிக்கு மொத டோக்கன் குடுத்தேன். காலைல ஒம்போது மணி. டாக்டர் கண்ண பாத்தாரு, கைய அமுக்கி பாத்தாரு, ஒண்ணுமில்லன்னுட்டாரு. வெளிய வந்தவன் சொன்னான்: "நல்லா கீறேன்னு சொல்லியே என் வேலைக்கு ஒல வச்சிட்டாருடா!"

கடைசி டோக்கன்

சாயங்காலம் பாத்தா தானே தெரியும்? எங்க டாக்டரு மத்தியானமே கெளம்பிருவாரு. அதுக்குள்ள இவன கத்த வச்சி அசர வைக்கணும். வெள்ளிக்கிழமை அவனுக்கு கடைசி டோக்கன் குடுத்தேன். "சும்மா குந்தாத மச்சான், பேரு கூப்புடு"ன்னேன்.

பஸ்டாண்டுல கூவுற மாரி ஆரம்பிச்சான். இருபதாவது பேருக்கு மூக்கால பேசுனான். முப்பதுல இமை கடை ஷட்டர் மாரி எறங்கிச்சி. பெஞ்சுல இருந்த அக்கா ஒண்ணு, "பட்டப்பகல்லயே ஊத்திகினு வந்துகீது பாரு"ன்னுச்சி. இன்னா சத்தம்னு வந்த டாக்டர் அவன் கண்ண பாத்தாரு, உள்ள இழுத்துகினு போனாரு. ஒரு ஊசி. கொஞ்ச நேரத்துல இமை ஏறிச்சி, கொரலு திரும்பிச்சி. அந்த அக்கா எழுந்து கைய கூப்பிச்சி: "எங்க வூட்டுக்காரருக்கும் அந்த ஊசிய போடுங்க டாக்டர், தெளியட்டும்!"

விசிலு

மயஸ்தீனியான்னு டாக்டர் நோவோட பேர சொன்னதும் தணிகாசலம் மூஞ்சி செத்துப்போச்சி. நான் சொன்னேன்: "நரம்பு கண்டக்டரு, சதை டிரைவரு. நீ விசிலு அடிக்கிற, டிரைவர் காதுல பஞ்சு கீது. மொதல்ல கேக்கும், அடிக்க அடிக்க கேக்காது. டாக்டர் எழுதுன மாத்திரை பஞ்ச எடுக்காது, விசில் சத்தத்த கூட்டும். அதான் டயம் தவறாம போடணும்."

டாக்டர், "மூச்சு வாங்குனாலோ முழுங்க முடியலன்னாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்"னாரு. அப்புறம் என் பக்கம் திரும்புனாரு: "ஏம்பா, இத எங்க காலேஜ்ல வந்து சொல்லியிருந்தா எனக்கு ஒரு வருஷம் மிச்சமாயிருக்குமே!"

லெட்டரு

சனிக்கிழமை முதலாளி லெட்டர திருப்பி திருப்பி பாத்தாரு. "இங்கிலீஷ்ல எழுதுனா குடி இல்லன்னு ஆயிருமா?"ன்னாரு. நாலு மணி மாத்திரைக்கு கொஞ்சம் முன்னாடி தான் கூட்டிகினு போயிருந்தேன். பேச்சு கொழகொழ. அவரு எதிருலயே மாத்திரைய போட்டான். டீ சொன்னாரு, குடிச்சோம். வாட்ச பாத்துகினே இருந்தாரு. முக்கா மணி நேரத்துல இமை ஏறிச்சி, "வணக்கம் மொதலாளி"ன்னு கணீர்னு சொன்னான்.

காலை ட்ரிப்பு மட்டும் போன்னு பைய அவன் கைல குடுத்துட்டு, முதலாளி சொன்னாரு: "நாலு மாசமா இவன் வாய மோந்தேனே, ஒருத்தனாவது என் மூக்க டாக்டர் கிட்ட காட்ட சொன்னீங்களாடா?"

அதுலேர்ந்து காலைல நல்லா கீறேன், சாயங்காலம் முடியலன்னு எவன் வந்தாலும் கடைசி டோக்கன் தான் குடுத்தேன், அதுக்கும் திட்டு தான் வாங்குனேன்.