அம்மாவின் கைக்கு அரைத்த குப்பைமேனி

குப்பைமேனி இலையைக் கல்லுப்போடு சேர்த்து அரைத்தால் முதலில் வெறும் பச்சை வாடைதான் வரும். சாறு இறங்க இறங்க அது கசப்பாக மாறி மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு கார்த்திகை மாதம் முழுவதும் பட்டினப்பாக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் அந்த வாடைதான் அடித்தது, அம்மாவின் விரல் இடுக்குகளில் சிரங்கு வந்திருந்ததால்.

அம்மா மீன் விற்றாள். கரையில் ஏலம் எடுத்த மீனை 'அன்னக்கூடை' என்று நாங்கள் சொல்லும் அலுமினியப் பாத்திரத்தில் போட்டுத் தலையில் சுமந்து, ராஜா அண்ணாமலைபுரம் வழியாக அபிராமபுரம் வரை நடப்பாள். அந்தத் தெருக்களில் மீன் வாங்குகிறவர்கள் தாங்களே கழுவ மாட்டார்கள். அம்மாதான் வாசற்படியில் உட்கார்ந்து செதில் சீவி நறுக்கிக் கழுவித் தரவேண்டும்; வீட்டுக்காரம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றுவாள். ஆகவே சிரங்கை மறைக்க வழியில்லை. அபிராமபுரத்தில் பல வருடமாக வாங்கிக்கொண்டிருந்த மாடி வீட்டு அம்மா, ஊற்றிக்கொண்டிருந்த சொம்பைப் பாதியில் நிறுத்தி, "ஐயோ, கையில என்ன இது? ஆறினப்புறம் வா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அம்மா போவதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. ஒருவரும் கூப்பிடவில்லை. மழைக்காலத்தில் பெரிய படகுகள்தான் கடலுக்குப் போயின; அப்பாவின் சின்னப் படகு கரையிலேயே கிடந்தது, அம்மாவின் கூடையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"அந்தத் தெரு போச்சின்னா நம்ம கத அவ்ளோதான்" என்றாள் அம்மா.

அப்பா குப்பைமேனி தேடிப் போனார். தேடுவதற்கு ஒன்றுமில்லை, முதல் மழை விழுந்ததும் இடித்துக் கொட்டிய செங்கல்மேல், சாக்கடை ஓரத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் பின்சுவர் அடியில், யாரும் விதைக்காமல் தானாக வரும் செடி அது. முழங்கால் உயரம் வளரும். இலை ஓரம் ரம்பப்பல் போல் இருப்பதால், பட்டால் அரிக்கும் செந்தட்டி என்று நினைத்துப் புதியவர்கள் தொடப் பயப்படுவார்கள், ஆனால் இது அரிக்காது. காம்பு நீளமாக இருப்பதால் ஒரு இலையின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி எல்லாம் விரிந்து நிற்கும். எங்கள் சந்தில் பிள்ளைகளுக்குச் சளி கட்டினால் இதன் சாற்றைக் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பார்கள்; பெண்கள் முகத்தில் முடி வளராமலிருக்க மஞ்சளோடு அரைத்துப் பூசுவார்கள்; சொறி சிரங்குக்கு உப்போடு அரைப்பார்கள். எதற்கானாலும் இலையை மட்டும்தான் கிள்ளுவது வழக்கம். அப்பாவுக்குப் பொறுமை இல்லை. செடிகளைப் பிடுங்கி வந்து வேரோடு அரைத்தார்.

"வேருலதாம்மே சத்தே கீது" என்றார்.

அதைக் கெட்டியாகப் பூசிக்கொண்டு, சிரங்கு விஷயம் தெரியாத தெருவாகப் பார்த்து அம்மா மந்தைவெளிப் பக்கம் போனாள். ஒரு வாசலில் உட்கார்ந்து அரிவாள்மணையை விரித்ததும் மதில்களிலிருந்து பூனைகள் இறங்கின. ஒன்றுகூட மீனைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையை நக்கின, மணிக்கட்டில் முகத்தைத் தேய்த்தன, எச்சில் ஒழுகக் காலடியில் புரண்டன. வீட்டுக்காரர்கள் பூனை நக்கிய கையால் நறுக்கும் மீன் வேண்டாம் என்றுவிட்டார்கள். வீடுவரை பின்னால் வந்த பூனைகளைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு ரோஸி அக்கா, "இன்னாக்கா, மீன வித்துட்டு பூன வாங்கியாந்துட்டியா?" என்று சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. கையை நீட்டிக் காட்டினாள். முகர்ந்து பார்த்த ரோஸி அக்கா அப்பா பக்கம் திரும்பினாள்.

"யோவ் அண்ணே, வேரையுமா அரைச்ச? அந்த வேரு வாட கண்டா பூன உயிர விட்டுடுமே! உனுக்கு யார்யா வைத்தியம் பாக்க சொன்னது?"

அதன்பிறகு இலையை மட்டும் நானும் அப்பாவும் கிள்ளி வந்தோம். உப்பு புண்ணில் இறங்கும்போது அம்மா இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். கஞ்சியும் கருவாடுமாக நாட்கள் போயின. புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்து, அடியில் வெளுத்த தோல் தெரிந்தது.

மறுபடி கூடையைத் தூக்கிய அன்று அம்மா வேறு எங்கும் கூவவில்லை. நேராக மாடி வீட்டுக்குப் போனாள். கூடையை இறக்க நானும் கூடப் போயிருந்தேன். இறக்கியதும் மீனைக் காட்டாமல் கைகளைத்தான் காட்டினாள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல், தொடாமல், ஒவ்வொரு விரலையும் விரிக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"சரி, இன்னைக்கு என்ன மீன்?"

"சங்கரா கீதும்மா."

சொம்பு வந்தது, தண்ணீர் வந்தது, தெருவும் திரும்பி வந்தது. ஆனால் முன்பெல்லாம் கையில் கொடுத்த காசை அந்த அம்மா அன்றிலிருந்து வாசல் மதில்மேல் வைக்கத் தொடங்கினாள். கூடை தூக்கமுடியாமல் போகும்வரை அம்மா அதை மதில்மேலிருந்துதான் எடுத்துக்கொண்டாள்.

இப்போது அந்தத் தெருக்களுக்கு மீன் நறுக்கிய துண்டுகளாகப் பையில் அடைத்து வருகிறது. வாசற்படியில் யாரும் உட்காருவதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. குப்பைமேனி முளைத்த குடியிருப்பின் பின்புறம் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். போன மாதம் அபிராமபுரம் போயிருந்தபோது மாடி வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"வாச மதிலு?" என்று கேட்டாள்.

"அதையும் இடிச்சிட்டாங்கம்மா."

"இடிக்கட்டும்" என்றாள் அம்மா.