பானைக்குள் அளந்த ஆறு

ஆத்தூருக்கு அன்று போனவன் நான் ஒருவன்தான். தாமிரபரணியில் கடைசி அணைக்கட்டுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்று கணினியில் கணித்த சென்னைப் பொறியாளர் வரவில்லை. அந்தக் கணிப்பைக் காட்டி, ‘கோடையிலும் நீர் குளுமையாகவே இருக்கிறது, அணையிலிருந்து கூடுதலாகத் தண்ணீர் திறக்கத் தேவையில்லை’ என்று எழுதிய அதிகாரியும் வரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். அந்தப் பொறியாளரிடம் தற்காலிக வேலை. ஆற்றில் போட்ட வெப்பமானி தானாகவே சென்னைக்கு அனுப்பும் எண்களை வைத்துத்தான் அவருடைய கணிப்பு. அந்த வெப்பமானிக்குப் பேட்டரி மாற்றத்தான் போனேன்.

காலை ஏழரைக்குத் தூத்துக்குடியில் திருச்செந்தூர் பேருந்து. கட்டணம் இருபத்தைந்து ரூபாய். உப்பளங்கள் கழிந்து முக்காணிப் பாலம் வந்ததும் எட்டிப் பார்த்தேன். ஆகாயத்தாமரை என்னும் அமலைச் செடிக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர். ஆறு என்று சொல்ல வாய் வரவில்லை.

கருவியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்த சுடலைமுத்து அண்ணாச்சி வெற்றிலைக் கொடிக்காலில் நின்றார். கொடிகள் பாதிக்கு மேல் வாடிக் கிடந்தன.

“குட்டத் தண்ணி கொதிக்கி தம்பி. பாய்ச்சினா வேரு அவிஞ்சு போவுது. பெரிய சாரு வரலியா?”

“மீட்டிங்காம் அண்ணாச்சி.”

“ஆத்த பாக்காமலே அதுக்குக் காய்ச்சல் இல்லன்னுட்டாரோ!” என்று சிரித்தார் அவர் மனைவி பேச்சியம்மாள்.

பதினோரு மணிக்குக் கருவியைக் கேட்டேன். அண்ணாச்சி பெருமையோடு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். ஈரச்சாக்கு சுற்றிய மண்பானை. உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் வெப்பமானி.

“எப்பவும் தண்ணிக்குள்ளயே கெடக்கணும்னு போன்ல சொன்னாவ. மாசியில ஆறு உள்வாங்கிட்டு, மெஷினு வெயில்ல கெடந்துது. வெத்தலக் கட்டு மாதிரி பாத்துக்கிட்டேன். ஒரு நா பானை வத்த விடல.”

என் கையிலிருந்த வெப்பமானியைப் பானைக்குள் விட்டேன்: இருபத்தாறு டிகிரி. குட்டையில் விட்டேன்: முப்பத்தேழு.

பொறியாளரைக் கைப்பேசியில் பிடித்தேன். “ரிப்போர்ட் போயாச்சுப்பா. அடுத்த வருஷம் திருத்திக்கலாம்” என்றார். ஒரு முறை, ஒரே ஒரு முறை கார் ஏறி வந்து எட்டிப் பார்த்திருந்தால் போதுமே! வெயிலில் கொதிக்கும் ஆற்றுக்கு எங்கிருந்து இவ்வளவு குளிர்ச்சி என்று எந்த அறையிலும் எவருக்கும் தோன்றவில்லையே!

அண்ணாச்சிக்கு விளங்கிவிட்டது. “அப்ப நானேதான் தண்ணிய மறிச்சுட்டனா?”

“நீங்க இல்ல அண்ணாச்சி.”

“பின்ன யாருலே?” என்றாள் பேச்சியம்மாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

மாலைப் பேருந்தில் ஏறினேன். இரு எண்களையும் எழுதி அதிகாரிக்கு அனுப்பினேன். பதில் இல்லை, தண்ணீரும் வரவில்லை. வைகாசியில் அண்ணாச்சியும் பேச்சியம்மாளும் காய்ந்த கொடிக்காலை அழித்தார்கள். கொடி, அகத்தி, கூலி, குத்தகை எல்லாமாக அவர்களுக்குப் போனது ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.