மலைப்பாதையில் வண்டி எண்ணிய பெட்டி

அப்போது திருத்தணி மலைப்பாதையில் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் கூலி வேலையில் இருந்தேன். ஒரு கொடி, ஒரு விசில். மேலே இடமில்லை என்றால் அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்த வேண்டும். மேலே இடம் இருக்கிறதா என்பதுதான் அடிவாரத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. விட்டாலும் திட்டு, நிறுத்தினாலும் திட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் உங்களோடு பேசக்கூடத் தெம்பு இருக்காது.

ஒரு வருஷம் ஆடிக்கிருத்திகைக்கு முன்னால், ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் வந்தார். சோப்பு டப்பா அளவில் சில பெட்டிகள் வைத்திருந்தார். பக்கத்தில் வண்டி போனால் அந்த இரும்பை உணர்ந்து, ஒயர் இல்லாமலே ஒன்றிடம் ஒன்று சொல்லி, அவருடைய கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்புமாம். ஏறிய வண்டியில் இறங்கியதைக் கழித்தால் மேலே எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். திருவிழா நாள் முழுவதும் கணக்குச் சரியாக வந்தால்தான் அவருக்குப் பட்டம். அதற்காக மூன்று வருஷம் உழைத்திருந்தார். நான் பத்தாவதோடு நின்றவன். இருந்தாலும் அது புரிந்தது.

பெட்டிகளைப் பொருத்துவதும் காவலும் என் பொறுப்பு. ஏறும் பக்கத்துப் பெட்டியை முதல் வளைவுக்கு மேலே வைக்கச் சொன்னார். அங்கே பொட்டு நிழல் கிடையாது. எனக்குக் கால்வலி. எங்கே வைத்தால் என்ன, வண்டி இந்த வழியாகத்தானே போக வேண்டும் என்று அடிவாரத்துப் புளியமரத்தடியிலேயே பொருத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன். உங்கள் அம்மாவுக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

கிருத்திகையன்று காலையிலேயே மலை நிறைந்துவிட்டது என்றது கம்ப்யூட்டர். கொடியைக் காட்டி நிறுத்தினேன். வண்டிகள் ஊருக்கு வெளியே வரை நின்றன. மேலிருந்து இறங்கிய ஆட்டோக்காரர் என் பக்கத்தில் நிறுத்தினார்.

“இன்னா நைனா, மேல பாதி எடம் காலியா கெடக்குது. நீ இங்க கொடி புடிச்சிகினு நிக்கற?”

“பொட்டி சொல்லுதுப்பா.”

“அப்ப மொட்டையும் பொட்டிகிட்டயே அடிச்சிகினு ஊருக்குப் போவச் சொல்லு.”

சற்றுத் தள்ளிக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் அதன் ஒயரைப் பிடுங்கிச் செருகினார், அணைத்துப் போட்டார். எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போது பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் புது டிராக்டரோடு புளியமரத்தடியில் நின்றார். புது வண்டி வாங்கியவர்கள் மலையேறும் முன் அங்கேதான் பூஜை போடுவார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னே ஏற்றி, பின்னே இறக்கி, மறுபடி முன்னே ஏற்றினார். ஒரே டிராக்டர். பெட்டிக்கோ அது மூன்று வண்டி. அவருக்குப் பின்னால் பூ கட்டிய இன்னும் நாலைந்து வண்டிகள்.

அந்தப் பெண்ணிடம் போனேன்.

“பொட்டிய நீங்க சொன்ன எடத்துல வெக்கலம்மா.”

“எப்பலேருந்துண்ணா?”

“மொதல்லேருந்தேங்க. நெழலுக்காகத்தான்...”

“ஆங்,” என்றார். என்னைப் பார்க்கவில்லை. “ரோட்டத் திறந்து விடுங்க. பாவம், வெயில்ல நிக்கறாங்க.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு ஏறினேன். மதியத்திலிருந்து கணக்குச் சரியாக வந்தது. ஆனால் அரை நாள் கணக்கை அவருடைய பேராசிரியர் ஏற்கவில்லை. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

அடுத்த ஆடிக்கு வந்தார். பெட்டிக்குக் காவலாக வேறு ஆளை வைத்திருந்தார். அது நியாயம்தான். அந்த நாள் முழுவதும் அவர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டியபோது நிறுத்தினேன், விடச் சொல்லிக் காட்டியபோது விட்டேன். ஒருவரும் திட்டவில்லை. சாயங்காலம், முழுக் கணக்கும் வந்துவிட்டது என்று அந்தக் காவல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொடியைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.